தலைப் பிரசவம் தாய் வீட்டுல இல்லன்னா பில் யாருக்கு?

இந்த எபிசோடை சென்னையில ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்ணல. திருக்கனூர்ல, எங்க வீட்டு மாடியில இருக்கேன். நடுநடுவுல டிராக்டர் சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க. கரும்பு வெட்டு நடக்குது.

இன்னைக்கு விஷயம் இதுதான். அரசு வேலையில இருக்குற ஒரு பெண்ணை அரசாங்கமே வெளிநாட்டுக்கு மாத்தி அனுப்புது. அங்க இருக்கும்போது அவங்க மாசமாகுறாங்க. அந்தப் பிரசவச் செலவு யாரோடது? யாரைக் கேட்டாலும் "அரசாங்கம்தான் குடுக்கும், வேற யாரு?"ன்னு சொல்லுவாங்க. அந்த பதில் தப்பில்ல. ஆனா எங்க வீட்டுல நடந்ததைப் பாத்த பிறகு, அந்த பதிலுக்கு முன்னாடி நான் இன்னொரு கேள்வி கேக்குறேன்: எப்போ குடுக்கும்?

என் பெரியம்மா பொண்ணு. எனக்கு அக்கா. எங்க தெருவுல மத்திய அரசு வேலைக்குப் போன முதல் பொண்ணு. பரிட்சை எழுதி டெல்லியில வேலை கிடைச்சு, கொஞ்ச வருஷத்துல வெளிநாட்டுல ஒரு அலுவலகத்துக்கு போஸ்டிங் வந்துச்சு. எந்த நாடு, எந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்ல. "கதையைச் சொல்லு, பேரைச் சொல்லாதே"ன்னு அக்கா சொல்லித்தான் அனுமதி குடுத்தாங்க. அவங்க பெரிய அதிகாரி இல்ல, அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வெளிநாட்டு அலுவலகம்னா நம்ம கண்ணு முன்னாடி தூதர், கொடி வெச்ச கார் எல்லாம் வரும். அங்கயும் ஃபைல் எடுக்குறவங்க, கணக்கு பாக்குறவங்க, டைப் அடிக்கிறவங்க இருக்காங்க. அக்கா அந்த வரிசையில ஒருத்தர். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சேதராப்பட்டுல பார்த்த கம்பெனி வேலையை விட்டுட்டு கூட போனார். ஒரு சம்பளம், ரெண்டு பேர்.

போய் ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி வீடியோ கால். பெரியம்மா முகத்தைப் பாத்ததுமே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. சந்தோஷம் அடங்கினதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்போ இங்க வரே?"

நம்ம பக்கம் தலைப் பிரசவம் தாய் வீட்டுலதான். இதை நாம சடங்குன்னு நினைக்கிறோம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இது ஒரு செலவுத் திட்டமும்கூட. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு போட்டுப் பொண்ணை அழைச்சுட்டு வந்துட்டா, அதுக்கப்புறம் சாப்பாடு, பத்தியம், ஆஸ்பத்திரி, ராத்திரி முழிச்சிருக்க ஆளு, எல்லாம் தாய் வீட்டுப் பொறுப்பு. எந்தத் தேதியில யார் பொறுப்பு யாருக்குக் கை மாறுதுன்னு ஊருக்கே தெரியும்.

ஆஸ்பத்திரிச் செலவுன்னு பார்த்தாலும் இங்க ஒரு ஏற்பாடு இருக்கு. எல்லைப்பிள்ளைச்சாவடியில ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கு, ஜிப்மர் இருக்கு. 2011 ஜூன்ல மத்திய அரசு ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில சுகப் பிரசவமோ சிசேரியனோ, கர்ப்பிணி கையிலிருந்து காசு வாங்கக்கூடாது. மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். சுகப் பிரசவம்னா 3 நாள், சிசேரியன்னா 7 நாள் வரைக்கும் சாப்பாடும் உண்டு. ஆக, திருக்கனூர்ல கூலி வேலைக்குப் போற ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல "முன்பணம் கட்டுனீங்களா?"ன்னு கேள்வி வரக்கூடாது. அந்தக் கேள்வி அரசு ஊழியரான எங்க அக்காவுக்கு வந்துச்சு. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல, அக்கா ஏன் ஊருக்கு வரல? கணக்கு போட்டுப் பாத்தோம். மத்திய அரசு ஊழியர்களுக்கு பிரசவ விடுப்பு 180 நாள். 1972-ல வந்த விடுப்பு விதிகள்ல 43-வது விதி. முன்னாடி 90 நாளா இருந்துச்சு, அப்புறம் 135 ஆச்சு, 2008 செப்டம்பர்ல இருந்து 180. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் இந்த விதிதான். எங்க ஊர் எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள்ள கால் வெச்சா கதை வேற. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையில இருந்து ஒரு வருஷம். பக்கத்து பக்கத்துல ரெண்டு ஸ்கூல்ல வேலை பாக்குற ரெண்டு டீச்சருக்கு ரெண்டு விதமான விடுப்பு. அது தனி எபிசோடுக்கான விஷயம்.

அந்த 180 நாளை வெச்சுக்கிட்டு விமானக் கணக்கைப் பாருங்க. 28 வாரம் தாண்டினா பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் சர்டிபிகேட் கேக்கும். 36 வாரம் தாண்டினா பொதுவா ஏத்த மாட்டாங்க. 28 வாரம்னா ஏழாம் மாசம். வளைகாப்பு மாசமும் அதுதான். சரி, 30-வது வாரத்துல கிளம்பி வந்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். பிரசவம் 40-வது வாரம். நடுவுல 10 வாரம், அதாவது 70 நாள், குழந்தை முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடியே போயிடும். மிச்சம் 110 நாள். மூணரை மாசக் குழந்தையைத் தூக்கிட்டுத் திரும்ப விமானம் ஏறணும். மற்ற விடுப்பையும் சேர்த்துக்கலாம்னு விதி இருக்கு. ஆனா சர்வீஸ் குறைவா இருக்குறவங்க கையில விடுப்பும் குறைவாத்தான் சேர்ந்திருக்கும். அதுவும் இல்லாம, ஊருக்கு வந்தா மாமா அங்க தனியா என்ன பண்ணுவார்? வீட்டு வாடகை, சலுகைப் பணம் எல்லாம் என்ன ஆகும்? இதுக்கெல்லாம் தெளிவா எழுத்துல பதில் சொல்ல ஆள் கிடைக்கல. கடைசியில அக்காவே, "இங்கயே பெத்துக்குறேன்மா. செலவு ஆபீஸ் பாத்துக்கும்"னு சொல்லிட்டாங்க.

இந்த இடத்துல விதிமுறை எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். இந்தியாவுக்குள்ள இருக்குற மத்திய அரசு ஊழியருக்கு சிஜிஹெச்எஸ் கார்டு இருக்கும், இல்லன்னா 1944-ம் வருஷத்து மருத்துவக் கவனிப்பு விதிகள்படி செலவைத் திரும்ப வாங்கலாம். அந்த கார்டைக் கொண்டுபோய் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில நீட்ட முடியாது. அதனால வெளிநாட்டுல இருக்குற நம்ம தூதரகங்கள்ல வேலை பாக்க இங்கிருந்து போறவங்களுக்கும், அவங்க குடும்பத்துக்கும்னு தனியா ஒரு திட்டம் இருக்கு. அசிஸ்டட் மெடிக்கல் அட்டெண்டன்ஸ்னு பேரு. சுருக்கமா, அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட, ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டா, நிபந்தனைகளுக்கு உட்பட்டு செலவு அரசாங்கத்தோடது.

அப்போ அந்த நாட்டு மக்களுக்குக் கிடைக்கிற இலவச மருத்துவம் இவங்களுக்குக் கிடைக்காதான்னு கேக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். 1961-ல வியன்னாவுல தூதரக உறவுகள் பத்தி ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க. அதுல 33-வது பிரிவு, தூதரக அதிகாரிகளுக்கு அந்த நாட்டோட சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள்ல இருந்து விலக்கு குடுக்குது. நிர்வாக ஊழியர்களுக்கும் அது பொருந்தும். விலக்குன்னா சலுகை மாதிரி கேக்கும். நம்ம சம்பளத்துல அந்த நாடு எதையும் பிடிக்காது, அது உண்மை. பிடிக்காத நாடு, பணம் கட்டினவங்களுக்குக் குடுக்குற காப்பீட்டை நமக்குக் குடுக்கணும்னு கட்டாயமும் இல்ல. அதனால அனுப்பின அரசாங்கம்தான் இவங்களுக்கு முதலாளி, இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டுமே. இதுல அந்த அரசாங்கம் ஒரு நாள் தாமதிச்சாலும், வேற யாரையும் கேக்க வழி இல்ல.

1961-ஐ இன்னும் கொஞ்சம் பாக்கணும். அதே வருஷம் டிசம்பர்ல நம்ம நாடாளுமன்றம் மகப்பேறு நலச் சட்டத்தை நிறைவேத்துச்சு. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துல வேலை பாக்குற பெண்களுக்கு 12 வாரம் சம்பளத்தோட விடுப்பு. 2017-ல அது 26 வாரம் ஆச்சு. அதே 1961-ல இந்திய வெளியுறவுப் பணிக்கு எழுதின விதிகள்ல என்ன இருந்துச்சு தெரியுமா? அந்தப் பணியில இருக்குற பெண் கல்யாணம் பண்ணிக்கணும்னா முன்கூட்டியே அரசாங்கத்துக்கிட்ட எழுத்து மூலமா அனுமதி வாங்கணும். கல்யாணத்துக்கு அப்புறம், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலா இருக்கும்னு அரசாங்கம் நினைச்சா ராஜினாமா பண்ணச் சொல்லலாம். இன்னொரு விதி, கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில சேர உரிமையே கிடையாதுன்னு சொல்லுச்சு. ஒரே வருஷம், ஒரே அரசாங்கம். ஒரு கையால தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு பிரசவ விடுப்பு, இன்னொரு கையால தூதரகத்துப் பெண்ணுக்கு இந்த நிபந்தனை.

இதை எதிர்த்து நின்னவங்க சி.பி.முத்தம்மா. குடகுக்காரங்க, சென்னையில பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலயும் மாநிலக் கல்லூரியிலயும் படிச்சவங்க. 1949-ல வெளியுறவுப் பணியில சேர்ந்த முதல் பெண். 1970-ல ஹங்கேரிக்குத் தூதரா போனாங்க. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1979 செப்டம்பர்ல தீர்ப்பு எழுதினவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு ஒரு பெண்ணோட வேலைக்கு இடைஞ்சல்னா, அது ஆணுக்கும் வரலாமேன்னு கேட்டார். வழக்கு நடக்கும்போதே அரசாங்கம் அவங்களுக்குப் பதவி உயர்வு குடுத்துடுச்சு, ஒரு விதியை நீக்கிட்டோம், இன்னொண்ணையும் நீக்கப் போறோம்னு சொல்லுச்சு. அதனால மனு முடிச்சு வைக்கப்பட்டுச்சு. ஆனா எல்லாப் பணி விதிகளையும் எடுத்துப் பாத்து, ஆண் பெண் பாகுபாட்டை நீக்குங்கன்னு கோர்ட் சொல்லிட்டுத்தான் விட்டுச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, பிரசவச் செலவுங்கற கேள்வியே ரொம்ப வருஷம் வராம பாத்துக்கிட்டாங்க. கல்யாணமான பெண்ணையே வாசல்ல நிறுத்திட்டா பிரசவ பில் எங்கிருந்து வரும்? இது இங்க மட்டும் இல்ல. பிரிட்டன் வெளியுறவுத் துறையில கல்யாணமானா பெண் வேலையை விடணும்ங்கற விதி 1973 வரைக்கும் இருந்துச்சு. ஊழியர்னா ஆண், அவருக்கு ஒரு மனைவி, பிரசவம்னா அந்த மனைவியோட பிரசவம். இப்படி நினைச்சு எழுதின விதிமுறைகள் மேலதான் அப்புறம் வந்த மாற்றங்களை ஒட்டு போட்டிருக்காங்க. நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறேன். பழைய கோடு மேல புது ஃபீச்சர் ஒட்டினா எங்க உடையும்னு எனக்குத் தெரியும். சாதாரண நாள்ல உடையாது. சனிக்கிழமை ராத்திரி உடையும்.

எங்க வீட்டுலயும் சனிக்கிழமை ராத்திரிதான்.

அக்காவுக்கு அப்போ 35 வாரம் முடிஞ்சிருந்துச்சு. காலையில இருந்து தலைவலி, கால் வீக்கம். சாயங்காலம் கண்ணு மங்குச்சு. மாமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். பிரஷர் ஏறியிருக்கு, காத்திருக்க முடியாது, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷனுக்கு அழைச்சுட்டுப் போற ஏற்பாடு நடந்துச்சு, அதை நிறுத்தல. அதே நேரம் கவுன்டர்ல மாமாகிட்ட முன்பணம் கேட்டாங்க. தாய்க்கு ஒரு தொகை, பிறக்கப்போற குழந்தைக்குத் தனியா ஒரு தொகை. குறை மாசம், தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படும்னு. ரெண்டையும் சேர்த்தா அக்காவோட மூணு மாசச் சம்பளம். மாமா கையில அவ்வளவு இல்ல. "ஆபீஸ் குடுக்கும்"னு சொன்னார். "ஆபீஸ்ல இருந்து லெட்டர் இருக்கா?"ன்னு கேட்டாங்க. லெட்டர் இல்ல. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு, அந்தப் பேப்பர் ஏதோ ஒரு மேசையில இருந்துச்சு.

மாமா எனக்கு போன் பண்ணும்போது இங்க ராத்திரி ரெண்டு மணி. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. நான் வேலை பாக்குறதே பேமென்ட் சாஃப்ட்வேர்ல. ஒரு பரிவர்த்தனை ஒரு செகண்டுக்கு மேல எடுத்தா எங்க டீம்ல எல்லார் போனும் அலறும். என் அக்கவுன்ட்ல பணம் இருந்துச்சு. அதை நாடு விட்டு நாடு அனுப்பப் போனா, படிவம், பான் நம்பர், காரணம் எல்லாம் கேட்டுட்டு, கடைசியில ஸ்கிரீன்ல வந்துச்சு: அடுத்த வேலை நாள்ல அனுப்பப்படும். அடுத்த வேலை நாள் திங்கக்கிழமை. கீழே பெரியம்மா நடு வீட்டுல உக்காந்திருந்தாங்க. நான் மாடிப்படியில இறங்கி வந்து, "பணம் அனுப்பிட்டேன் பெரியம்மா"ன்னு பொய் சொன்னேன்.

அன்னைக்கு உதவி பண்ணது அக்காவோட ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர். ஒடிசாக்காரர், ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்தவர். மாமா கூப்பிட்டதும் டாக்சி பிடிச்சு வந்து, தன்னோட கார்டைத் தேய்ச்சு ரெண்டு முன்பணமும் கட்டிட்டு, விடியிற வரைக்கும் மாமாகூட உக்காந்திருந்தார். அவர் பொண்ணு கல்யாணத்துக்கு சேர்த்து வெச்ச காசுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரியும்.

பொண்ணு பிறந்தா. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்தா. இப்போ கீழ வாசல்ல ஓடிட்டிருக்கா. நடுவுல ஒரு கத்தல் சத்தம் கேட்டா அது அவதான்.

திங்கக்கிழமை காலையில ஆபீஸ் திறந்ததும் ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போயிடுச்சு. அதுக்கப்புறம் டிஸ்சார்ஜ் வரைக்கும் யாரும் பணம் கேக்கல. மிச்ச பில்லை ஆபீஸே நேரா கட்டுச்சு. இதையும் நியாயமா சொல்லணும். திட்டம் இருந்துச்சு, வேலையும் செஞ்சுச்சு. ஆனா கைக்காசா கட்டின முன்பணம், வெளியில வாங்கின மருந்து, இதெல்லாம் திரும்ப வர அஞ்சு மாசம் ஆச்சு. முதல் தடவை பில் எல்லாம் அந்த நாட்டு மொழியில இருக்கு, மொழிபெயர்த்துக் குடுங்கன்னு திரும்பி வந்துச்சு. மொழிபெயர்ப்புக் கூலி அக்கா கையிலிருந்து. ரெண்டாவது தடவை ஒரு மருந்துச் சீட்டுல டாக்டர் முத்திரை இல்லன்னு. பணம் கடைசியில வந்துச்சு, பெரும்பகுதி வந்துச்சு. அந்த அஞ்சு மாசமும் ஒடிசாக்காரர் ஒரு தடவைகூட கேக்கல. கேக்காததுதான் கஷ்டமா இருந்துச்சுன்னு அக்கா சொல்லுவாங்க.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். "செலவைத் திரும்பத் தருவோம்"னு ஒரு முதலாளி சொன்னா, அந்தப் பணம் வர்ற வரைக்கும் ஊழியர்தான் முதலாளிக்குக் கடன் குடுத்திருக்கார். வட்டியில்லாக் கடன். அதிகாரி சம்பளத்துல இருக்குறவங்களுக்கு அது ஒரு சிரமம். எங்க அக்கா மாதிரி இருக்குறவங்களுக்கு அது ஆபரேஷன் கவுன்டர்ல நிக்கிறது.

மத்த நாடுகள்ல எப்படிப் பண்றாங்கன்னு தேடினேன். அமெரிக்க வெளியுறவுத் துறையில, வெளிநாட்டுல வேலை பாக்குற ஊழியர் மாசமா இருந்தா, பிரசவத் தேதிக்கு சுமார் 45 நாள் முன்னாடியே அமெரிக்காவுக்கோ வசதியுள்ள வேற இடத்துக்கோ கிளம்ப டிக்கெட் குடுத்துடறாங்க. மொத்தம் 90 நாள் வரைக்கும் தங்கும் செலவுக்கு தினப்படி உண்டு. அமெரிக்காவுல பிரசவம் மலிவுன்னு நினைச்சுடாதீங்க. 2022-ல பீட்டர்சனும் கேஎஃப்எஃப்பும் வெளியிட்ட கணக்குப்படி, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குற பெண்களுக்கே கர்ப்பம், பிரசவம், அதுக்கப்புறமான கவனிப்பு எல்லாம் சேர்த்து சராசரி கிட்டத்தட்ட 19,000 டாலர். அதுல 3,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவா குடும்பமே கையிலிருந்து கட்டுது. அந்த பில் முறையை நாம பின்பத்த வேண்டாம். ஆனா அந்த 45 நாள்ங்கற எண்ணைக் கவனிங்க.

பிரான்ஸைப் பத்தி நம்ம புதுச்சேரிக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சொல்தா பென்ஷன் வாங்குற குடும்பம் தெரியாதவங்க யாரு? அங்க காப்பீட்டு விதி, கர்ப்பத்தோட ஆறாவது மாசம் முதல் நாள்ல இருந்து பிரசவத்துக்கு அப்புறம் 12 நாள் வரைக்கும் மருத்துவச் செலவை அரசுக் காப்பீட்டு விகிதப்படி நூத்துக்கு நூறு ஏத்துக்குது. அந்தத் தேதி வந்ததும் அந்த நூறு சதவீதம் தானா ஆரம்பிச்சுடும்.

ரெண்டு நாட்டுலயும் ஒரே சூட்சுமம்தான். தேதி. மாரடைப்பு எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. விபத்துக்குத் தேதி கிடையாது. பிரசவம் ஒண்ணுதான் எட்டு மாசத்துக்கு முன்னாடியே டாக்டர் தேதி எழுதிக் குடுக்குற மருத்துவச் செலவு. அதுக்குப் போய், நடந்து முடிஞ்ச பிறகு பில் வெச்சு விண்ணப்பம் போடுங்கன்னு சொன்னா, தேதி தெரிஞ்ச வேலையை எமர்ஜென்சியா நாமளே மாத்திடறோம். எங்க வேலையில இப்படி ஒருத்தர் டிசைன் பண்ணிட்டு வந்தா ரிவ்யூவுல திருப்பி அனுப்பிடுவோம்.

அதனால என்னோட யோசனை சின்னதுதான். புதுசா ஒரு பைசா கூடுதலா கேக்கல. எப்படியும் குடுக்கப் போற அந்த லெட்டரை, அதாவது "இவங்க பிரசவச் செலவும் குழந்தையோட செலவும் எங்க பொறுப்பு"ன்னு ஆபீஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதுற கடிதத்தை, ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள குடுத்துடணும். விடுமுறை நாள்ல கூப்பிட ஒரு நம்பரும் அதுல இருக்கணும். குழந்தை ஆபீஸ் நேரம் பாத்துப் பிறக்காது. ஏழாம் மாசம் வளைகாப்புன்னு தேதி குறிச்ச நம்ம பாட்டிகளுக்கு இது தெரிஞ்சிருந்துச்சு.

இதைக் கேக்குறவங்கள்ல வெளிநாட்டு போஸ்டிங்க்கு காத்திருக்குற யாராவது இருந்தா, அக்கா ஒரு பட்டியல் குடுத்திருக்காங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே, வாய் வார்த்தையா இல்லாம மெயில்ல கேட்டு வாங்கச் சொல்றாங்க.

ஒண்ணு, அந்த ஊர்ல எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி அங்கீகாரப் பட்டியல்ல இருக்கு? அதுல பிரசவ வார்டும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கா?

ரெண்டு, பணத்தை ஆபீஸ் நேரா கட்டுமா, நாம கட்டிட்டு வாங்கணுமா? நாம கட்டணும்னா முன்பணம் எவ்வளவு கிடைக்கும்?

மூணு, மாசாமாசம் எடுக்குற ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வெளியில வாங்குற மருந்து இதெல்லாம் சேருமா?

நாலு, பிறந்த குழந்தைக்குப் பிறந்த நிமிஷத்துல இருந்தே செலவு ஏத்துக்கப்படுமா, இல்ல பேரைச் சேர்த்த பிறகுதானா? இதைக் கேக்காம விட்டதுதான் எங்க தப்புன்னு அக்கா சொல்றாங்க.

அஞ்சு, பில் எந்த மொழியில இருக்கணும், எந்தத் தேதி மாற்று விகிதத்துல கணக்கு போடுவாங்க?

ஆறு, ஊருக்கு வந்து பெத்துக்கிட்டா டிக்கெட், வாடகை, சலுகைப் பணம் என்ன ஆகும்?

ஏழாவது பணம் சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா மறந்துடாதீங்க. வெளிநாட்டுல பிறந்த குழந்தையோட பிறப்பை ஒரு வருஷத்துக்குள்ள அங்க இருக்குற இந்தியத் தூதரகத்துல பதிவு பண்ணணும். 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு, வம்சாவளி வழியா இந்தியக் குடியுரிமை கிடைக்க அந்தப் பதிவு அவசியம். ஒரு வருஷம் தாண்டிட்டா மத்திய அரசோட அனுமதி வேணும்.

இந்தப் பட்டியல்ல ஒரு செலவு இல்ல. அது பெரியம்மாவோட டிக்கெட். எந்த விதியிலயும் அவங்களுக்கு இடம் இல்ல. குழந்தை பிறந்து மூணாவது வாரம், சீட்டுப் பணத்தை எடுத்து, பாஸ்போர்ட் போட்டு, விசா வாங்கி, வில்லியனூரைத் தாண்டி அதிகம் போகாத பெரியம்மா ரெண்டு விமானம் மாறிப் போனாங்க. பையில பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, வசம்பு. வசம்பை ஏர்போர்ட்ல என்னன்னு சொல்றதுன்னு ரெண்டு நாள் வீட்டுல பேச்சு. ஒருத்தரும் கேக்கல.

போய் இறங்கின அன்னைக்கு ராத்திரி அக்கா எனக்கு ஒரு மெசேஜ் போட்டாங்க. "அம்மா குழந்தையை வாங்கிக்கிட்டாங்கடி. நான் தூங்கப் போறேன்." அதுக்கு முன்னாடி மூணு வாரமா அவங்க ஒரு ராத்திரிகூட சேர்ந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்கல.

அந்த டிக்கெட்டையும் பிரசவச் செலவுன்னுதான் நான் எழுதி வெச்சிருக்கேன். அரசாங்கம் அதை ஒரு நாள் ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். அந்த லெட்டரை மட்டுமாவது ஏழாம் மாசத்துல குடுத்துடட்டும்.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி நடந்திருந்தா, எந்த நாடுன்னாலும், எந்த வேலைன்னாலும், எனக்கு எழுதுங்க. பேர் போட வேண்டாம். இப்போ கீழ இருந்து சித்தி சித்தின்னு சத்தம் வருது. நான் இறங்கணும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.